குழாய் வைத்து அளந்து, பூக்கேட்டுக் கட்டிய லயம்

குழாய்க்குள் ரப்பர் மரங்கள் தலைகீழாகத் தொங்கின. தூரத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் தலைகீழாகச் சிரித்தார்...

மலாய் நாட்டில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். முந்தின வருஷ வெள்ளம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, ஆற்றோர லயத்தை, அடித்துப் போயிருந்தது. எங்கள் வரிசையில் இரண்டு உயிர்கள் போயின.

புது லயத்துக்கு இடம் பார்க்க யாழ்ப்பாணத்து சர்வேயர் ஒருவர் வந்தார். மரங்களில் வெள்ளம் விட்டுப்போன கறையைப் பார்த்து, முக்காலியில் கண்ணாடி பதித்த பித்தளைக் குழாய் வைத்து, நாள் முழுக்க அளந்தார். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு கூப்பிட்டு, குழாய்க்குள் பார்க்கச் சொன்னார்.

"ஏன்யா எல்லாம் தலகீழா தெரியுது?"

"கண்ணாடி அப்பிடித்தான் காட்டும், பிள்ளை. ஆனா மட்டம் பிழைக்காது."

இரண்டு மேடுகள் தேறின. ஒன்று ஆற்றுப் பக்கம், மற்றது ரோட்டுப் பக்கம். இரண்டும் ஒரே உயரம்.

எங்கள் ஆட்களோ அசையவில்லை. "அம்மாகிட்ட கேக்காம குடி போக மாட்டோம்யா" என்றார் மாரியம்மன் கோயில் பூசாரி. சர்வேயர் கோபிப்பார் என்று பயந்தோம்.

"ரெண்டில எது எண்டு எனக்கும் தெரியேல்ல. கேளுங்கோ, நானும் நிக்கிறன்."

செவ்வரளி வந்தால் ஆற்று மேடு, வெள்ளரளி வந்தால் ரோட்டு மேடு. வெற்றிலையில் தனித்தனியாக மடித்து அம்மன் முன் போட்டார்கள். "வயித்துப்புள்ளக்காரி எடுக்கட்டும்" என்றார் பூசாரி. எனக்கு அப்போது நாலு மாதம். ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தேன்...

வெள்ளை.

"எவ்வளவு உயரத்தில கட்டுறதெண்டும் கேளுங்கோ" என்றார் சர்வேயர். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார்.

பூசாரி யோசித்தார். "அத உங்க கொழாதான்யா சொல்லணும்."

வாசல் பார்க்கும் திசையைப் பூசாரி சொன்னார். தூணின் உயரத்தைச் சர்வேயர் சொன்னார். கம்பம் என்னும் மலாய்க் கிராமத்து வீடுகள் மாதிரி தூண்மேல் எழுந்தது எங்கள் லயம்.

டிசம்பரில் மறுபடி வெள்ளம். தரைப்பலகைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. அன்று காலையில்தான் எனக்கு வலி எடுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் இடுப்பளவுத் தண்ணீரில் ரோடு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அவர் வந்திராவிட்டால் நாங்கள் இருவருமே இல்லை.

ஆற்று மேடும் மூழ்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஓடிய வெள்ளத்தில் படகுகூடப் போகமுடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சர்வேயர் வந்து வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். "நான் உயரத்தை அளந்தனான், வழியை யோசிக்கேல்ல" என்றவர் பூசாரி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னமே தெரியுமோ?"

"எனக்கென்னங்கய்யா தெரியும்? எடுத்தது இந்தப் பொண்ணு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்...

இப்போது இளைய மகன் குளுவாங் டவுனில் கல்வீடு வாங்கியிருக்கிறான். பைப்பு, கரண்டு, எல்லாம் உண்டு. "இங்க தண்ணி எவ்வளவு ஏறும்ப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும்மா கேக்குறாங்க? எல்லாரும் வாங்குறாங்க லா!"

வீடு நல்ல வீடுதான். மழை பிடித்தால் மட்டும் நான் எழுந்து போய் வாசலில் நின்று பார்க்கிறேன்.