ஏழாம் கட்டில் காலியான நாள்

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஐலீன் தலைமைத் தாதி. யார் வெளியே போக வேண்டும் என்று முடிவெடுப்பது மருத்துவர்; குடும்பத்திடம் போய்ச் சொல்வது ஐலீன்.

அன்று காலை பதினான்கு கட்டில்களும் நிறைந்திருந்தன. விபத்தில் சிக்கிய இளம்பெண் ஒருத்தி அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வரவிருந்தாள்.

"ஏழாம் கட்டிலை வார்டுக்கு மாத்துங்க" என்றார் டாக்டர் லோகேஸ்வரன்.

அங்கே படுத்திருந்தவர் செல்லப்பன். செடெனாக் ஊர்ப் பக்கம், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நிமோனியா. மூச்சுக்குழாயை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"இன்னும் ஒரு நாள் வெச்சுப் பாக்கலாமே டாக்டர். சளியை இருமித் துப்பக்கூட தெம்பில்ல அவருக்கு."

"வேற யாரை மாத்தலாம் சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

ஐலீன் கட்டில்களை வரிசையாகப் பார்த்தாள். மற்ற பதின்மூன்று பேரும் மூச்சு இயந்திரத்தில் இருந்தார்கள்.

ஐலீன் வெளியே வந்து சொன்னதும் செல்லப்பனின் மனைவி செல்வராணி எழுந்து நின்றார். "வார்டுக்கு மாத்துறீங்கன்னா நல்லாயிட்டாருன்னுதானே மிஸ்ஸி?"

அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம். "முன்னைக்கு இப்ப பரவால்லம்மா" என்றாள் ஐலீன். பொய்யில்லை. ஆனால் இடத்துக்காகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

செல்வராணி அங்கேயே சிங்கப்பூரிலிருந்த மகனை அழைத்தார். "அப்பா வெளிய வந்துட்டாருடா. நீ லீவு போடாத, ஞாயித்துக்கிழமை வந்தா போதும்லா."

மறுநாள் மதியம் வார்டில் செல்லப்பனுக்குச் சளி அடைத்தது. இருபத்தைந்து நோயாளிகளுக்கு அங்கே இரண்டே தாதிகள். அவர்கள் கவனித்து ஓடிவருவதற்குள் உயிர் போய்விட்டது.

கேள்விப்பட்டு ஐலீன் இறங்கிப் போனாள். செல்வராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லாதான் பாத்தீங்க மிஸ்ஸி. நான்தான் பாவி. வர்றேன்னு சொன்ன பிள்ளையைத் தடுத்துட்டேன்."

ஐலீன் தலையசைத்து மறுத்தாள். "நீங்க இல்லம்மா. இடமில்லாமத்தான் மாத்தினோம். அதை நேத்தே உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

செல்வராணி திட்டவில்லை. பிடித்திருந்த கையை மட்டும் விட்டுவிட்டார்.

ஆறு வாரம் கழித்து விபத்துப் பெண் நடந்தே வீட்டுக்குப் போனாள். அவள் பெற்றோர் கேக் கொண்டுவந்தார்கள். தாதிகளுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்த ஐலீன், தன் பங்கைத் தொடவில்லை.

இப்போதெல்லாம் ஒருவரை வெளியே மாற்றுமுன் ஐலீன் குடும்பத்தை உட்காரவைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள். சிலர் அழுகிறார்கள். சிலர் அவளைத்தான் திட்டுகிறார்கள். அவர்கள் பேசி ஓயும்வரை அவள் எழுந்திருப்பதில்லை.