மாதிரிக்குக் கொஞ்சம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சங்க அலுவலகத்தில் போன் அடித்தது. மேசை மேல் ஒரு புடவையைப் பாதி பிரித்து வைத்திருந்தேன். ஒரு கையால் அதைப் பிடித்தபடியே எடுத்தேன். மறுமுனையில் ஏகாம்பரம் அண்ணன். "தம்பி, லோகு போயிட்டா. அரை மணி நேரம் ஆவுது. ஆபீசுல சொல்லிடுங்க" என்றார். உடனே வைத்துவிட்டார். சேதி எதிர்பாராததில்லை. மற்றவர்கள் இரண்டு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏழு வருடமாக. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லோகநாயகி அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரணியில் எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் புடவைகளுக்குத் தரம் போட்டவர். காலமானபோது வயது நாற்பத்தொன்பது. கணவர் ஏகாம்பரம் தறிக்காரர். ஒரே மகள் காஞ்சனா, இப்போது நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். லோகநாயகி அம்மாள் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, 'ஜல்தி' என்பார்கள். எதற்கெடுத்தாலும் "ஜல்தி, ஜல்தி, பஸ்ஸு போயிடும்" என்று நான் பறப்பதால் வந்த பெயர். ஆபீஸ் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. எனக்கும் அதில் வருத்தமில்லை, அவசரக்காரனை அவசரக்காரன் என்றால் என்ன தப்பு?

அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற சங்கங்களில் முந்தானையை விரிப்பார்கள், நடுவில் இரண்டு மடிப்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், முத்திரை குத்திவிடுவார்கள். அவர்களுக்கு உதவியாக முத்திரை போடும் நானும் அப்படித்தான். அக்கா மட்டும் ஜன்னலோரம் நின்றுகொண்டு புடவை மொத்தத்தையும் மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். வெளியே தறிக்காரர்கள் வரிசையில் நின்று கறுவிக்கொண்டிருப்பார்கள்.

ஒருமுறை தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒருவரின் புடவை. முந்தானை அப்படி ஒரு அழகு. நான் முத்திரையை எடுத்துவிட்டேன். அக்கா வாங்கிப் பிரித்துக்கொண்டே போய் ஐந்தாவது மடிப்பில் நிறுத்தினார்கள். அங்கே ஒரு விரற்கடை நீளத்துக்கு இழை விட்டிருந்தது.

"இன்னாங்க இது? முந்தானை சிரிச்சிகினு கீது, உடம்பு அழுவுதே" என்றார்கள்.

"அங்க போயி யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று அவர் கேட்டார்.

"கட்டிக்கிறவ பாப்பா."

அந்த ஆளுக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் போன பிறகு நான், "விட்டிருக்கலாம்க்கா, பாவம்" என்றேன். அக்கா புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "குறை இருக்கறது தப்பில்ல ஜல்தி. கை வேலைன்னா இருக்கும். பாத்தப்புறம் மடிச்சி வெக்கறான் பாரு, அவன்தான் திருடன்."

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதம், அவர்களுக்கு இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆரணியிலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்வதென்று முடிவாயிற்று. இப்போது அந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது. டாக்டர் நல்ல மனிதர், நிதானமாக விளக்கினார். "மார்பை எடுத்துருவோம். கூடவே அக்குள்ல இருக்கற நெறிக்கட்டிங்களையும் எடுக்கணும். இந்த நோய் வெளிய கிளம்புச்சுன்னா பெரும்பாலும் முதல்ல அங்கதான் போய் உக்காரும். எத்தனை நெறி எடுத்தோம், எத்தனையில நோய் இருக்குன்னு எண்ணித்தான் எந்த ஸ்டேஜுன்னு சொல்ல முடியும். ஸ்டேஜை வெச்சுதான் மேற்கொண்டு வைத்தியம்" என்றார்.

அக்காவுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "தரம் பாக்கறீங்க" என்றார்கள். டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "காஞ்சனா ஆறாவது படிக்கிறா. அவ ஒரு வேலையில உக்கார வரைக்கும் நான் இருந்தா போதும் டாக்டர். இருப்பனான்னு மட்டும் மறைக்காம சொல்லிடுங்க."

ஆபரேஷன் அன்று ஏகாம்பரம் அண்ணன் மனைவியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. எடுத்த சதையை வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்தில் அது நோயாளி வீட்டுக்காரர்கள் வேலை. நான் போகிறேன் என்றேன். வாரா வாரம் வேலூர்க் கடைகளுக்குப் பட்டு மாதிரி கொண்டுபோகிறவன் நான்தானே, எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது எனக்கு அத்துப்படி. இரண்டு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வாங்கிப் போனேன். அக்குள் என்றால் எவ்வளவு வந்துவிடப் போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அடுத்த கேசுக்குப் போய்விட்டார். கம்பவுண்டர் ஒரு தட்டில் இரண்டையும் கொண்டுவந்தார். மார்பு பெரிய பாட்டிலுக்குள் போயிற்று. அக்குளில் எடுத்தது மஞ்சள் மஞ்சளாய்க் கை கொள்ளாத ஒரு கொழுப்புக் குவியல், சின்ன பாட்டிலில் பாதிகூட அடங்கவில்லை.

"இது பத்தாதுங்க. கடைத்தெருவுக்குப் போயி வேற பெருசா ஒண்ணு வாங்கியாங்க" என்றார்.

மணி பார்த்தேன். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதை விட்டால் பரிசோதனைக் கூடத்தை மூடிவிடுவார்கள், மறுநாள் ஞாயிறு. "மாதிரிக்குக் கொஞ்சம் போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? உங்க இஷ்டம்."

ஆக, என் இஷ்டப்படியே நடந்தது. சாயம் போட்ட பட்டில் ஒரு பிடி நூலை முறுக்கிக் கடைக்காரரிடம் காட்டினால் போதும், முழு லாட்டையும் எடுத்துக்கொள்வார். ஒரே தொட்டியில் முக்கியது, ஒரு பிடி எப்படியோ அப்படித்தான் மொத்தமும். பன்னிரண்டு வருடம் அதையே செய்த மூளை வேறெப்படி யோசிக்கும்? அக்குளில் எடுத்தது ஒரே தொட்டியில் முக்கிய பட்டு அல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்பவுண்டர் ஒரு பிடி கிள்ளி பாட்டிலில் போட்டு மருந்துத் தண்ணீரை ஊற்றினார். மீதியை ஒரு வாளியில் போட்டார். கட்டடத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா சார், ஊறுகாயா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றைக்கும் அந்த நெடி எங்கிருந்தாவது வந்தால் எனக்குக் குமட்டும்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. நான்தான் வாங்கி வந்தேன். டாக்டர் படித்தார். அக்கா, அண்ணன், காஞ்சனா, நான், நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "மூணு நெறி பாத்திருக்காங்க. மூணும் சுத்தம்" என்றார். அண்ணன் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். காஞ்சனா அம்மாவின் வலது கையைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் மட்டும் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணுதானா? நல்லா அள்ளித்தானே எடுத்தேன். பத்துக்கு மேல இருக்கணுமே. கொழுப்புக்குள்ள தேடறதுக்குப் பொறுமை வேணும், லேப்ல சரியா தேடலை போல" என்று தனக்குத்தானே பேசினார். பிறகு என்னைப் பார்த்தார். "முழுசாதானே குடுத்தீங்க?"

அந்த நொடி எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணன் அழுதுகொண்டிருந்தார், காஞ்சனா சிரித்துக்கொண்டிருந்தாள். நான், "ஆமா டாக்டர்" என்றேன்.

கட்டி சின்னது, நெறி சுத்தம், முதல் ஸ்டேஜ்தான், மருந்து ஏற்ற வேண்டாம், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டாம், தினம் ஒரு மாத்திரை போதும் என்று சொல்லி அனுப்பினார். அக்கா அன்று சங்கத்துக்கு வந்து எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இரண்டு. "நீ அலைஞ்சதுக்கு" என்றார்கள். நான் தின்றேன்.

அடுத்த ஐந்து வருடமும் அவர்கள் பழையபடி ஜன்னலோரம் நின்றார்கள். காஞ்சனா பத்தாவது எழுதினாள். நான் தினமும் அவர்களுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவேளை மீதியும் சுத்தமாகவே இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர்கள் இருமினால் எழுந்து போய்விடுவேன். ஒரு நாள் புடவையைத் தூக்கிப் பிடித்தவர்கள் பாதியில் இறக்கிவிட்டு, "கை கனமா கீது ஜல்தி, வளையலு ஏற மாட்டேங்குது" என்றார்கள். கை முழங்கை வரை வீங்கியிருந்தது. காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று எழும்பியிருந்தது.

சென்னைக்குப் போனோம். அண்ணனுக்குக் காய்ச்சல், அதனால் துணைக்கு நான். அங்கே ஒரு பெண் டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மூணுதான் பார்த்திருக்காங்க. மூணை வெச்சுக்கிட்டு அக்குள் சுத்தம்னு எப்படிங்க சொன்னாங்க? மீதி என்ன ஆச்சு?" அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபது வருடம் புடவையைப் பார்த்த கண் அது.

திரும்பும்போது பஸ் காஞ்சிபுரம் தாண்டியது. அதற்குப் பிறகு நானே சொன்னேன். பாட்டில், பஸ், மாதிரி, வாளி, எல்லாம். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்யாறு தாண்டியதும் கேட்டார்கள்.

"பாட்டில்ல கொஞ்சம் போட்டது தெரியாம செஞ்ச. சரி. டாக்டர் கேட்டாரே, அப்ப ஏன் வாய தொறக்கல?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கக்கா."

"அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா சந்தேகத்துக்காவது மருந்து ஏத்தியிருப்பாரு இல்ல?"

நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டினேன், பிரித்தேன்.

"குறைய பாத்துட்டு மடிச்சி வெச்சிட்ட" என்றார்கள். ஆரணியில் இறங்கியபோது இன்னொன்றும் சொன்னார்கள். "இப்ப ஊட்ல சொல்லாத. அவரு தாங்க மாட்டாரு. நான் போனப்புறம் எல்லாருக்கும் சொல்லு. நாளைக்கு வேற எவனாச்சும் பாட்டில் தூக்கினு பஸ் ஏறுவான்."

அன்றிலிருந்து அவர்கள் என்னை ஜல்தி என்று கூப்பிடவில்லை. 'சார்' என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்ட் வைத்தார்கள், முடி கொட்டியது, முதுகெலும்பில் வலி வந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம், "வாங்க சார், காபி சாப்புடுங்க" என்பார்கள். அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம். மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

செவ்வாயன்று மதியம் சங்கத்தின் சார்பில் போர்த்துவதற்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துப் போனோம். அரக்கு நிறம், முதல் தரம். அக்கா படுக்கையில் விழுந்த பிறகு நான் தரம் போட்ட புடவை. கூட்டத்தில் யாரோ, "ஜல்தி, ஜல்தி, பாடி எடுக்க நேரமாவுது" என்று குரல் கொடுத்தார்கள். மடித்தபடியே போர்த்தப் போனவன் நின்றுவிட்டேன். நின்ற இடத்திலேயே ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார்கள். ஆறாவது மடிப்பில் ஒரு விரற்கடைக்கு இழை விட்டிருந்தது.

"இதுல குறை இருக்குது" என்றேன். ஏகாம்பரம் அண்ணன் தொட்டுப் பார்த்து, "ஆமா" என்றார். வேறு எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன். காஞ்சனா புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. இதையே போத்துங்க. குறை மேல தெரியறாப்ல போத்துங்க. மறைச்சா அம்மாவுக்குப் புடிக்காது."

அப்படியே போர்த்தினோம். அந்த இழை விட்ட இடம் அவர்களுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. காஞ்சனா அதைத் தன் கையால் நீவிச் சரிசெய்தாள். அப்போதும் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

காஞ்சனா, இப்போது சொல்லிவிட்டேன். அக்கா, எல்லா மடிப்பையும் பிரித்துவிட்டேன். போய் வாருங்கள்.