நிம்மியின் வலப்பக்கப் பந்து

மைசூரில் குதிரைப் பந்தயத் தடத்தின் வளையத்துக்குள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே யாரோ அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து தடத்தின் வேலியில் ‘டங்’ என்று மோதினால், டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் திருப்பாமலே சொல்வார்கள்: “நிம்மி டீச்சர் வந்தாச்சு.”

நிம்மி ஒரு கான்வென்ட் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நாற்பத்தைந்து வயது. கல்லூரி நாட்களில் மாநில ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரியாக ஆடியவள். வேலை கிடைத்தது ஹாக்கியால். புருஷன் மரியராஜை முதன்முதலில் பார்த்ததும் ஹாக்கி மைதானத்தில்தான். அவர் எதிரணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பள்ளியில் கோல்ஃப் பயிற்சி ஆரம்பித்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆள் தேவைப்பட்டது. மற்ற ஆசிரியைகள் வெயிலைச் சொல்லி நழுவினார்கள். நிம்மி போனாள். சில வாரம் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தாள். அப்புறம் கை அரித்தது. ஒரு மட்டையை வாங்கி ஓங்கி அடித்தாள். அவள் பந்து, பக்கத்தில் இருந்த ஆண்களின் பந்துகளையெல்லாம் தாண்டிப் பறந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் பந்து நடுவானத்தில் வலப்பக்கம் திரும்பி வேலியில் போய் மோதியது.

இந்தக் கோளாறுக்கு ‘ஸ்லைஸ்’ என்று பெயர். அதற்கு மருந்து சொல்லாத ஆளே அங்கே கிடையாது. “இடப்பக்கம் குறி வெச்சு அடிங்க டீச்சர், தானா நடுவுக்கு வந்துரும்” என்றார்கள். நிம்மி இடப்பக்கம் திரும்பி நின்றாள். பந்து இன்னும் அதிகமாக வளைந்தது. இன்னும் திரும்பி நின்றாள். இன்னும் வளைந்தது. சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்க்கும் போட்டிகளில் அவள் பெயர் யாருக்கு விழுந்ததோ அவர்கள் முகம் ஒரு கணம் சுருங்கும். அதை அவள் பார்த்துவிடுவாள்.

அங்கே பயிற்சி கொடுத்தவன் பரத். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரன், முப்பது வயதிருக்கும். ஒருநாள் அவள் அடிப்பதை ஃபோனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினான். மட்டை வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாகப் பந்தைச் சீவிக்கொண்டு போனது. அதன் முகம் வலப்பக்கம் பார்த்துத் திறந்தே கிடந்தது.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. மட்டைதானுங்க கோல்ஃப் மட்டை. அடி ஹாக்கி அடிங்க. மணிக்கட்டைத் திரும்ப விடாம கெட்டியாப் புடிச்சுக்கறீங்க. இங்க கையி உருண்டு திரும்போணுங்க.”

“அதுக்கு என்ன பண்ணணும்?”

“ஹாக்கிய மறக்கோணுங்க.”

நிம்மிக்குச் சுள்ளென்று ஏறியது. மட்டையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் பாத்திரங்கள் பலமாகச் சத்தம் போட்டன.

“அந்தப் பையன் சொன்னது தப்பா?” என்று கேட்டார் மரியராஜ்.

“தப்பா இருந்தா எனக்கு ஏன் கோவம் வருது? சரியா சொல்லிட்டான். அதான்.”

ஒரு வாரம் கழித்து பரத்தின் முன்னால் போய் நின்றாள். “சரிப்பா. மொதல்ல இருந்து சொல்லிக் குடு.”

அவன் அவளுடைய இடது கைப்பிடியைக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டி வைத்தான். குனிந்து பார்த்தால் முன்பு ஒரு விரல்முட்டிதான் தெரியும். இப்போது மூன்று தெரிந்தன. பந்துக்கு அந்தப் பக்கம், சற்றுப் பின்னால், ஒரு சாண் தள்ளி, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிறுத்தினான். வெளியிலிருந்து சீவிக்கொண்டு வந்தால் மட்டை முதலில் பாட்டிலில்தான் படும். பாட்டிலைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்க வேண்டும், அதுவும் அரை வீச்சில்.

பாட்டில்கள் பறந்தன. பந்து சில சமயம் தரையில் உருண்டது. சில சமயம் இடப்பக்கத்துச் சாக்கடைக்குள் போனது. “முன்னாடி ஆடுனதே தேவல” என்று யாரோ காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் கூட்டிவந்த பிள்ளைகளே நேராக அடித்துக்கொண்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும்விட உறுத்தியது. மாலையில் மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, குடையைத் தலைகீழாகப் பிடித்து வீசிப் பழகினாள்.

“நிம்மி, அந்தக் குடை உடைஞ்சா ஜூன் மாசத்துல நான்தான் நனையணும்.”

“நனைங்க.”

ஒரு காலை, பள்ளிக்குப் போவதற்கு முன்னால், வழக்கம்போல் அடித்துவிட்டு வலப்பக்கம் பார்த்தாள். பந்தைக் காணோம். வேலியிலும் சத்தமில்லை. பாட்டில் வைத்த இடத்திலேயே நின்றது.

“எங்க போச்சு?”

பரத் சிரித்துக்கொண்டிருந்தான். “மேடம், நேராப் பாருங்க.”

பார்த்தாள். நட்டநடுப் புல்வெளியில் வெள்ளையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் அவள் பந்து விழுந்து அதுவரை பார்த்ததே இல்லை.

அந்த வருடம் மகளிர் போட்டியில் அவளுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற டாக்டர் மகேஸ்வரி. இருவரும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் கெடுத்தால் மற்றவருக்கும் கேடு. நிம்மி கெடுக்கவில்லை. கடைசிக் குழிக்கு வந்தபோது அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். முதல் அடி நிம்மியுடையது. வலப்பக்கம் முழுக்க அடர்ந்த மரங்கள்.

“சும்னே எதுக்கு ரிஸ்க்கு? சின்ன மட்டை எடுத்து மெல்லமா முன்னாடி தள்ளு, சாக்கு, அது போதும்” என்றார் மகேஸ்வரி.

“டாக்டரம்மா, நான் பெரிய மட்டையே எடுக்கறேன். விடுங்க.”

மகேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். “ஆய்த்து, ஹொடி”, சரி அடி என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நிம்மி கைப்பிடியைச் சரிபார்த்தாள். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, கடைசியில் மணிக்கட்டு தானாக உருண்டது. பந்து மரங்களை ஒட்டி எழும்பி, உச்சியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்து, பாதையின் நடுவில் விழுந்து உருண்டுகொண்டே போனது. மகேஸ்வரி கையிலிருந்த தொப்பியை மேலே எறிந்தார்.

அதன்பிறகு குழிக்குப் பக்கத்திலிருந்து மகேஸ்வரி உருட்டிய பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. ஓர் அடியில் முதலிடம் போய்விட்டது. “என்னாலதான் போச்சு” என்று அவர் நொந்துகொண்டதும், நிம்மி அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் பரிசுக்குப் பெயர் கூப்பிட்டபோது அவள் முதல் பரிசுக்காரியைப் போலத்தான் நடந்துபோனாள்.

மரியராஜ் ஸ்கூட்டரில் வந்தபோது மைதானம் காலியாகியிருந்தது.

“ரெண்டாவதா? அடடா.”

“என்ன அடடா? வண்டிய நிறுத்திட்டு வாங்க.”

கடைசிக் குழியின் தொடக்கத் திட்டில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மரங்களைக் காட்டினாள். பிறகு கையை நீட்டி, வெகுதூரத்தில் புல் நிறம் மாறுகிற ஓர் இடத்தைக் காட்டினாள். கோல்ஃபைப் பற்றி ஒன்றும் தெரியாத மரியராஜ் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“இங்கருந்து அங்கயா? யாரு அடிச்சது?”

“நான்தான் அடிச்சேன்” என்றாள் நிம்மி. “வாங்க, அங்க வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வரலாம்.”