பிரிப்பு மாஸ்டரும் ஒரு கைப்பிடி ரிவெட்டும்

வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் இடமும் வலமும் திரும்பி, "அளவெடுத்துத் தைச்ச மாதிரியே இருக்கு மாஸ்டர்!" என்று மகிழ்ந்துபோய்க் கழற்றிக் கொடுத்த சட்டையின் இடக்கையை மாஸ்டர் பிரித்துக்கொண்டிருக்கிறார். தோளும் கையும் சேரும் இடத்தைத் தைக்கும்போது ஒருமுறை நூல் அறுந்ததாம். அறுந்த இடத்தில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டுவிட்டு மேலே செல்வதுதான் உலக வழக்கம். இவருக்கு அது ஒப்பாது.

"டப்புன்னு சத்தம் கேட்ட இடம் சரிப்படாதுங்க. இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கும், நாளைக்கு நாலு பேர் முன்னாடி கைவிட்டுடும்."

"எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு மாஸ்டர்."

"போங்க. யார் வேணாம்னா?"

அந்த மனிதர் பழைய சட்டையையே மாட்டிக்கொண்டு போகிறார். புதுச் சட்டை மாலையில் கிடைக்கும். அதற்குள் இன்னொரு முறை நூல் அறாதிருந்தால்.

தெருவில் இவரைப் ‘பிரிப்பு மாஸ்டர்’ என்றால்தான் தெரியும். ஒல்லியான உருவம். கழுத்தில் தொங்கும் டேப் சாப்பிடும்போதும் அங்கேயேதான் இருக்கும். எதிரே வருபவரின் முகத்தை இவர் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பார். யாரைப் பற்றியாவது கேட்டால், "வலது தோள் கொஞ்சம் சரிவு, அவர்தானே?" என்பார். கண் மங்கிவிட்டது, காது மங்கவில்லை. ஊசி முறிவதற்கு முன் மெஷின் முனகும் முனகலைக் கேட்டு மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். முறிவு என்றால் பிழை, பிழை என்றால் பிரிக்க வேண்டும். இதற்கு மேல் அவரிடம் தத்துவம் ஏதும் இல்லை.

தையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவருடைய அக்கா இருக்கிறார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்கள் வலுவிழந்து சில ஆண்டுகளாகின்றன. குரலுக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலில் இருந்தபடியே தையலறையை ஆள்கிறார். "டேய், வந்திருக்கறவரு செருப்பைக் கழட்டாம நிக்கறாரு" என்று சுவருக்கு அப்பாலிருந்து சொல்வார். கேட்டவர் பதறிப்போய்க் கழற்றுவார்.

இந்த அக்காவின் சக்கர நாற்காலிதான் சென்ற சனிக்கிழமை மாஸ்டரின் வெட்டுமேசை மேல் தலைகீழாகக் கிடந்தது. கால் வைக்கும் அலுமினியத் தகட்டை நாற்காலியின் கம்பியோடு இணைக்கும் இரண்டு ரிவெட்டுகளும் தேய்ந்து கழன்றுவிட்டன. முன்பு ஒரு பழுதுபார்ப்பவர் அதைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கொடுத்திருந்தார். நடுத்தெருவில் கம்பி அவிழ்ந்து, தகடு தொங்கி, அக்காவின் கால் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போயிற்று. அன்று முதல் அந்த நாற்காலியை, கடித்த நாயைப் பார்ப்பதுபோல்தான் அக்கா பார்த்துவந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு. தெருக்கோடிப் பூங்காவில் பழைய ஆபரேட்டர்கள் கூடுகிறார்கள். பணிக்காலம் முழுவதும் அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த தோழி, மகனோடு கடல் கடந்து குடிபோகிறார். இனித் திரும்பும் எண்ணமில்லை.

"தகடு ஆடிச்சுன்னா நான் வரமாட்டேன்டா. அவகிட்ட போன்லயே சொல்லிக்கறேன்" என்று அக்கா சொல்லிவிட்டார். சொல்லும்போது முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தம்பிக்கு அது போதும். வேறொருவர் கையில் அந்த நாற்காலியை இனிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து ஹார்டுவேர் கடைக்குப் புறப்பட்டார்.

கடைக்காரப் பெண்மணி ரிவெட் போடும் கருவியான ‘ரிவெட் கன்’ இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று குறடு போல் ஒரு கைக்கு அடங்குவது. மற்றொன்று இரண்டு நீண்ட கைகளை விரித்து, நெஞ்சோடு அணைத்து மூட வேண்டியது.

"வீட்டு வேலைக்குச் சின்னதே போதும் மாஸ்டர். பெருசு தடிச்ச இரும்பு ரிவெட்டுக்கு."

மாஸ்டர் சின்னதை வாங்கி, கத்தரிக்கோலைச் சோதிப்பதுபோல் காற்றில் இருமுறை மூடித் திறந்தார். விரிந்த பிடி விரல்களுக்கு எட்டவில்லை. அதே அளவில், பிடி குறைவாக விரியும் வேறொன்றைக் கேட்டு வாங்கினார். அதுவரை குழப்பம் இல்லை. பெண்மணி ரிவெட்டைக் காட்டியதும் தொடங்கியது.

தொப்பி வைத்த சிறு குழல். அதன் வயிற்றுக்குள் ஒரு நீண்ட ஆணி.

"இதுல எது ஊசி, எது நூல்?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஆணியைக் கன்னோட மூக்குல சொருகுங்க. குழல் பக்கத்தை ஓட்டைக்குள்ள விடுங்க. தொப்பி தகட்டோட படிஞ்சு உக்காரணும். அப்புறம் அழுத்துங்க."

"பின்பக்கம் முடிச்சு யார் போடறது?"

"அதுவே போட்டுக்கும். ஆணியை இழுக்க இழுக்க உள்பக்கம் குழல் உப்பிக்கிட்டுப் பிடிச்சுக்கும்."

"நான் பார்க்காமலேயா?"

"நீங்க பார்க்காமத்தான்."

தாம் பார்க்காத ஒரு முடிச்சு தானாக விழும் என்பதை மாஸ்டர் வாழ்நாளில் கேட்டதில்லை. சரி, எந்த அளவு ரிவெட்? இரண்டு தகட்டின் கனமும் சேர்ந்து எவ்வளவு என்று பெண்மணி கேட்டார். மாஸ்டர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, "கோட்டுத் துணி, உள்ளே கேன்வாஸ் வச்ச கனம்" என்றார். பெண்மணி சற்று நேரம் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு, சேர்ந்த கனத்துக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தில், மெல்லியதில் ஒரு கைப்பிடியும் தடித்ததில் இரண்டு மூன்றும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஆணி என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கினால் நனையும் என்று யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் முதல் ரிவெட்டைக் கருவியின் மூக்கில் சொருகினார். ஓட்டையில் விட்டார். தொப்பி படிந்தது. அழுத்தினார். கருவி ஆணியை மெல்ல இழுத்தது. தகடு கம்பியோடு நெருங்கியது. இன்னும் சற்று அழுத்தினார்.

டக்!

ஆணி முறிந்து கருவியின் வாயில் நின்றது.

"முறிச்சுட்டேன் அக்கா."

"வந்ததும் வராததுமாவா?"

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய ட்ரில்லிங் மெஷினை எடுத்து, அந்த ரிவெட்டைக் குடைந்து தள்ளினார். அடுத்ததைப் போட்டார், இம்முறை பூப்போல அழுத்தினார். டக். குடைந்தார். அடுத்ததற்கு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். டக். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். டக். ஒருமுறை ஓசை வருவதற்கு முன்பே கையை நிறுத்திக்கொண்டார். கருவி ஆணியைக் கவ்விக்கொண்டு நாற்காலியிலேயே தொங்கிற்று; விடுவிக்கவும் வழியில்லை, விட்டுவிடவும் வழியில்லை. குத்திய ஊசியைத் துணியிலிருந்து எடுக்க முடியாதவர்போல் மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டேய், நாற்காலியோட உனக்கு என்னடா சண்டை?"

"கடையில உளுத்த சரக்கைக் குடுத்துட்டாங்க அக்கா. ஒண்ணுகூட முழுசா நிக்கலை."

"ஒண்ணு உளுத்துப் போகலாம். எல்லாமுமா?"

மாஸ்டர் கண்ணை இறுக்கிக்கொண்டு முழுதும் அழுத்தி, டக்கென்று கருவியை விடுவித்து, அதையும் குடைந்தார். இன்னொன்றை ஓட்டையில் விட்டார். அது தொப்பியோடு உள்ளே விழுந்து மறுபக்கம் வந்து உருண்டது. குடைந்து குடைந்து ஓட்டை அகன்றுவிட்டிருந்தது. மாஸ்டர் சுண்டுவிரல் நுனியால் அதன் விளிம்பைத் தடவினார். துணியென்றால் ஒட்டுப் போடலாம். தகட்டுக்கு ஒட்டு உண்டா? பொழுது விடிந்தால் பூங்கா. மேசை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த அறையில் அந்த மௌனம் கேட்டது. மெஷின் நின்றால் தம்பி சாப்பிடுகிறான், ட்ரில் நின்றால் தம்பி தோற்றுவிட்டான் என்று அக்காவுக்குத் தெரியும். போனை எடுத்துக் கடையை அழைத்தார். பழைய பணிக்குரல் தானாக வந்தது.

"வணக்கம். ரிவெட் வாங்கிட்டு வந்தாரே தையற்காரர், அவரோட அக்கா பேசறேன். ஆணி முறியுதாம்மா… ஆமா, ஒவ்வொண்ணும்… லைன்லயே இருங்க." பிறகு சுவரை நோக்கி, "டேய்! முறியணுமாம்டா!"

"எது?"

"ஆணிதான். முறிஞ்சாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமாம். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

மாஸ்டர் வாசற்படியில் வந்து நின்றார். "முறிஞ்சா சரியா?"

"சரியாம்."

"அப்போ முறியாம இருந்தா?"

"அதுதான் தப்பாம்."

"அப்போ… நான் முதல்ல போட்டது?"

"அதுவும் சரிதானாம்."

"ரெண்டாவது?"

"எல்லாமே சரிடா! எல்லாத்தையும் நீதான் பிரிச்சுப் போட்டிருக்கே!" சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு பொங்கி, இருமலாகி, கண்ணில் நீர் வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. தன் தையலறையையே யாரோ இடம் மாற்றி அடுக்கிவிட, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போல் நின்றார்.

அகன்ற ஓட்டைக்குத் தடித்த ரிவெட் பொருந்தும் என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். அதற்கேற்பக் கருவியின் மூக்கையும் மாற்ற வேண்டுமாம். தகட்டையும் கம்பியையும் இடைவெளியில்லாமல் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கருவி சாயக்கூடாது, ஒரே பிடியில் முடியாவிட்டால், பிடியை விட்டு, கருவியைத் தொப்பிவரை கீழே தள்ளி மீண்டும் அழுத்த வேண்டும். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டு, அட்சரம் பிசகாமல் இணைப்புக் கொடுத்தார். மாஸ்டர் மூக்கை மாற்றினார். அழுத்தினார். விட்டார். மீண்டும் அழுத்தினார். ஓசை வரும் என்று தெரிந்தும் தோள் குறுகிற்று.

டக்.

கை தன் பழக்கத்தில் ட்ரில்லிங் மெஷினை நோக்கிப் போயிற்று.

"டேய். கையை எடு" என்றது சுவர்.

இரண்டாவதும் டக்கென்று முடிந்தது. மாஸ்டர் தகட்டைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. முறுக்கினார், அசையவில்லை. அது அசையாததே அவரை மேலும் குழப்பியது. முறிந்த ஒன்று எப்படிப் பிடிக்கும்? தரையில் சிதறிக் கிடந்த முறிந்த ஆணிகளையெல்லாம் பொறுக்கிப் பார்த்தார். அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே அளவில், அளந்து வெட்டியதுபோல் முறிந்திருந்தன.

ஞாயிறு காலையில் அக்கா பூப்போட்ட நீலச் சேலை கட்டி, கட்டில் விளிம்பில் தயாராக அமர்ந்திருந்தார். மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரே நிறுத்தினார். அவர் தோளைப் பற்றி நாற்காலிக்கு மாறிய அக்கா, கால்களை மட்டும் தரையிலேயே வைத்திருந்தார்.

"பிடிக்குமாடா?"

"பிடிக்கும்னுதான் சொன்னாங்க."

"நீ என்ன சொல்றே?"

"எனக்குத் தெரியலை அக்கா. சத்தியமாத் தெரியலை."

அக்கா தம் இரு கைகளாலும் வலக்காலைத் தூக்கினார். பாதம் தகட்டைத் தொடுவதற்குள் மாஸ்டர் முழங்காலிட்டுக் குனிந்து, தகட்டுக்கும் தரைக்கும் இடையே தம் உள்ளங்கையை விரித்து வைத்தார்.