பாலத்தின் நடுவே ஒரு குமட்டல்

மைசூர் அக்ரஹாரத்திலிருந்து கேரளத்துக்குப் போகும் சுற்றுலா வேனில் சொர்ணலதா பதினோரு வருஷமாகச் சமையல்காரி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. வழியில் காயலைக் கடக்கும் நீண்ட பாலம் ஒன்று உண்டு. எல்லோரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். கடைசி சீட்டில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சொர்ணத்துக்கு அண்டாதான் தெரியும்.

"ஒரு நிமிசம் நிறுத்துங்கண்ணா, தண்ணியப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று ஓட்டுநர் பசவராஜிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று.

"பேடம்மா, முடியாது. பாலத்து மேல நிறுத்தினா போலீஸ் புடிப்பாங்க."

போன தை மாதப் பயணத்தின்போது வேனுக்குப் புது சீட் உறை போட்டிருந்தார் பசவராஜ். பாதிப் பாலம் வந்ததும் சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, வாந்தி வருது!"

வேன் கிறீச்சிட்டு ஓரமாக நின்றது.

இறங்கி ஓடிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். கரை எங்கோ பச்சைக் கோடாகத் தெரிந்தது. தூரத்தில் இடுப்பளவு நீரில் நின்று ஆட்கள் சிப்பி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வாந்தி எங்கம்மா?" என்றார் பசவராஜ்.

"வந்துச்சுங்ணா. திரும்பிப் போயிருச்சு."

அதற்குள், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி விஸ்வேஸ்வரன், "எனக்கும் ஏதோ புரட்டறதுப்பா" என்று கேமராவோடு இறங்கினார். அவர் மனைவி கனகலக்ஷ்மிக்கும் புரட்டியது. ஐந்து நிமிடத்தில் வேனே காலி.

போலீஸ் ஜீப் வந்து நின்றதும் எல்லோரும் வாந்தி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் வாந்தியா?" இன்ஸ்பெக்டர் பதறினார். "அப்போ சாப்பாட்டுலதான் தப்பு. காலையில யாரு சமைச்சது?"

அத்தனை கண்களும் சொர்ணத்தின் மேல் திரும்பின.

"சட்னி கொஞ்சம்..." என்று இழுத்தார் விஸ்வேஸ்வரன்.

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"எஞ்சட்னியா? மூணு தடவ வாங்கித் தின்னீங்களே சார்!" இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. தண்ணி பாக்கோணும்னு நாந்தான் பொய் சொன்னேன். பதினோரு வருசமா அண்டாவயே பாத்துட்டு வர்றனுங்க. கேசு எம்மேல போடுங்க, எஞ்சட்னி மேல போடாதீங்க."

ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் முறைத்தபடியே எல்லோரையும் வேனில் ஏற்றினார். கடைசியாக ஏறிய சொர்ணத்திடம், "பாலம் தாண்டினா இடது பக்கம் படித்துறை உண்டு. அங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க" என்றார்.

அங்கே பசவராஜ் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. சொர்ணம் முழங்கால் நீரில் நின்றுகொண்டு, விஸ்வேஸ்வரனை வைத்துத் தன்னை விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டாள். அன்று மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் தயாரானது. விஸ்வேஸ்வரன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.