ஊற்றிவிட்ட பேதியுப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு எழுத்து நேராக வராது. நடந்ததிலும் பாதி மறந்துவிட்டது. நர்ஸ் வேலை படிக்கிற பிள்ளைகளுக்காக என்று கேட்டபடியால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் மாறி இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் நான் அற்றென்டனாக இருந்தேன். தரை கழுவுவது, நோயாளர் வெளிக்குப் போன வாளியை எடுப்பது, எனிமாவுக்குத் தண்ணீர் சுடவைப்பது என்னுடைய வேலை. சொல்லப்போவது தொண்ணூற்றொன்றிலோ தொண்ணூற்றிரண்டிலோ நடந்தது. யுத்தத்தால் கரண்ட் இல்லாத காலம்.

இப்போது கொலனஸ்கோபி என்று நீளமான, வளைகிற குழாயால் குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு முழம்கூட வராத இரும்புக் குழாய். குடலின் கடைசித் துண்டைத்தான் அதால் பார்க்கலாம். பிடிக்குள் இரண்டு பற்றரி போட்டால் சின்ன பல்ப் ஒன்று எரியும். பற்றரி அப்போது அரசாங்கம் குடாநாட்டுக்குள் வரவிடாத சாமான். கிடைத்த இரண்டையும் கிளினிக் நர்ஸ் திரேசா மிஸ்ஸி துணியில் சுற்றி அலுமாரியில் பூட்டி வைப்பார். கிளினிக் நாளில் நான் அவற்றை வெயிலில் காயவைப்பேன். அப்படிச் செய்தால் இன்னும் கொஞ்ச நேரம் எரியும்.

திரேசா மிஸ்ஸி குருநகர்க் கடற்கரைப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவர். குடலில் புற்றுநோய் என்று யாராவது வந்தால், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவார். அது கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடும் என்று, போகிற வருகிற ஆட்களிடம் சொல்லி அவர்களை வரவழைப்பார். வந்தால் பார்ப்போம் என்பதுதான் டொக்டர் சொன்னது. ஆட்களை வரவைத்தது மிஸ்ஸி. ஒரு நோவும் இல்லாதவர்களை அப்படி வரவைப்பது லேசில்லை. புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர், "உதுக்குள்ளை பார்க்க என்ன கிடக்கு, மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"நேத்துச் சாப்பிட்டது கிடக்கும், அண்ணை. அதைக் கழுவிப்போட்டு வாங்கோ. மிச்சத்தை டொக்டர் சொல்லுவார்."

கழுவுவதற்குத்தான் முதல் நாள் பேதியுப்புக் குடிக்கக் கொடுப்பது. வெளிக்குப் போவது தேத்தண்ணி நிறமாக இருந்தால் போதாது, இளநீர் மாதிரி வரவேண்டும் என்று மிஸ்ஸி ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார்.

பூமணி அக்கா அப்படிக் கூப்பிட்டு வந்தவர். அவருடைய தமையன் குடல் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. தனக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்றார். வடக்குப் பக்கத்து ஊரிலிருந்து இடம்பெயர்ந்து நீர்வேலியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். புருசன் சைக்கிளில் ஏற்றி வந்து இறக்கிவிட்டார்.

திரைக்குப் பின்னால் எனிமா கொடுத்து முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நான் அந்த உப்பைக் குடிக்கேல்லை. ஊத்திப்போட்டன். அந்த வீட்டிலை ஆறு குடும்பம், ஒரு கக்கூசு. நான் வாளியோடை பத்துத்தரம் ஓடினால் சனம் என்ன நினைக்கும்? மிஸ்ஸியிட்டைச் சொல்லிப்போடாதை."

நான் ஓம் என்றேன்.

உப்புக் குடிச்சனீங்களோ என்று மிஸ்ஸி வந்து கேட்டார். முழுக்கக் குடிச்சனான் என்று அக்கா சொன்னார். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்குக் குழாயை எடுத்திருக்க மாட்டார்கள்.

டொக்டர் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனிமா போதவில்லை, ஒன்றும் தெரியவில்லை. பல்ப் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. சொன்னபடி செய்யாட்டில் நாங்கள் என்ன செய்யிறது என்று டொக்டர் ஏசினார். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். வாங்கில் காத்திருந்த மற்ற மூன்று பேரையும் திருப்பி அனுப்பினோம். புதுப் பற்றரி கிடைக்க ஐந்து கிழமை சென்றது.

அது நடந்து நாலாம் நாள் மிஸ்ஸியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த ஊசித் தட்டை மேசையில் வைத்தார்.

"பிழை உங்களிலை மட்டும் இல்லை, அக்கா. குடிச்சனீங்களோ எண்டு கேட்டனான். குடிக்க இடமிருக்கோ எண்டு நான் ஒருதரையும் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு வழமை மாறியது. வாட்டின் பின்பக்கம் ஒரு கக்கூசு பூட்டிக் கிடந்தது. மிஸ்ஸி மேலிடத்தில் கதைத்து அதன் திறப்பை வாங்கி என்னிடம் தந்தார். வீட்டில் வசதியில்லாதவர்கள் முதல் நாளே வந்து, உப்பை எங்களிடம் குடித்துவிட்டு வாட்டில் தங்கலாம். வீட்டு வசதியைப் பற்றி அவர்களிடம் கேட்கிற வேலையும் என்னுடையது. டொக்டருக்கும் மிஸ்ஸிக்கும் சொல்ல வெட்கப்படுவதை வாளி எடுக்கிறவளுக்குச் சொல்லுவார்கள் என்றார் மிஸ்ஸி. உண்மைதான், சொன்னார்கள். கழுவாமல் மேசையில் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு சோடிப் பற்றரிக்கு முன்னையைவிடக் கூடப் பேரைப் பார்த்தோம்.

புதுப் பற்றரி வந்ததும் முதலில் பூமணி அக்காவைத்தான் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றவரை மிஸ்ஸி நீர்வேலிக்குச் சைக்கிளில் போய்க் கதைத்துக் கூட்டி வந்தார். கக்கூசில் வைத்த வாளிக்கு அக்கா போகப் போக மிஸ்ஸி குனிந்து பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. நாலாம் தரம், "இப்ப இளநி" என்றார். அக்கா சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் டொக்டர் குழாயைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். ஏசவில்லை. உள்ளே கண்ட கட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்குப் போத்தலில் போட்டார். புற்றுநோய் என்று வந்தது, பிறகு ஒப்பரேசன் நடந்தது. கொஞ்சம் முந்திக் கண்டிருக்கலாம் என்று டொக்டர் மிஸ்ஸியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா இரண்டு வருடம் இருந்தார். ஊரே வெளிக்கிட்ட தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்கு முந்தியே கண்ணை மூடிவிட்டார்.

பிள்ளைகளே, மருந்தைக் கொடுத்துவிட்டுக் குடித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே குடிக்கப் போகிறாய் என்றும் கேளுங்கள். உங்களோடு வேலை செய்கிற அற்றென்டன் ஏதாவது தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் நின்றால், அவளையும் கேளுங்கள்.

நான் எழுதியதில் வருடம், மருந்தின் பெயர், குழாயின் அளவு பிழையாக இருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து கிழமை பிந்தியதில் அந்தக் கட்டி அப்படிப் பெருத்திருக்காது, அக்கா என்று மிஸ்ஸி எனக்குச் சொன்னார். அது மருத்துவத்தில் உள்ளதா, அல்லது என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸி இப்போது எங்கே என்றும் தெரியாது. படித்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.