சோர்ஸுக்குள் எழுதிவைத்த ஒரு பாத்

போடியில் ஏலக்காய் வியாபாரிகளின் கிடங்குகளில் நிறம் பிரிக்கும் மிஷின்கள் ஓடுகின்றன. அவற்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது பல வருடங்களாக என் வேலை. சோர்ஸ் கோடை எடுத்து கம்பைல் செய்யப் பழகுகிறவர்களுக்காக ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அன்று தப்பு செய்தவளும் நான்தான், சரிசெய்தவளும் நான்தான்.

1. புது கேமரா

காதர் பாயின் கிடங்கில் இரண்டு மிஷின்கள், இரண்டுக்கும் ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டர். இரண்டாம் மிஷினுக்குப் புது கேமரா வாங்கியிருந்தார். பழைய சாஃப்ட்வேர் அதை ஏற்கவில்லை. புது வெர்ஷன் சோர்ஸாக மட்டுமே கிடைத்தது, நானேதான் கம்பைல் செய்ய வேண்டும்.

"ஏம்மா, ஒண்ணாம் நம்பர் நல்லா ஓடுது. அதுல கைய வச்சிராத. மத்தியானம் ஏலத்துக்குச் சாம்பிள் போகணும்" என்றார் பாய்.

பழைய சாஃப்ட்வேர் /usr/local என்ற ஃபோல்டரில் இருந்தது. அதைத் தொடாமல் புதியதை /opt-க்குள் தனியாக வைக்க முடிவு செய்து, கம்பைலுக்கு முன் ஓட்டும் configure-க்கு அந்த இடத்தை prefix-ஆகக் கொடுத்தேன். கம்பைல், இன்ஸ்டால் இரண்டும் எர்ரர் இல்லாமல் முடிந்தன. இரண்டாம் மிஷின் ஓடியது. ஆனால் நல்ல பச்சைக் காய்கள் கழிவில் விழுந்தன.

நிற அளவுகள் ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். /opt-இல் இருந்த அந்த ஃபைலை மூன்று முறை திருத்தினேன். ஒரு மாற்றமும் இல்லை. சிலமலையிலிருந்து காய் பொறுக்க வரும் பேச்சியக்கா கழிவுச் சாக்கில் கைவிட்டுப் பார்த்தார்.

"ஆத்தா, நீ என்ன மாத்துனாலும் இது முன்ன துப்புன மாதிரியேதான் துப்புது. நீ சொல்றது அதுக்குக் கேக்கவே இல்ல போல."

சுரீரென்றது. புரோகிராம் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று strace போட்டுப் பார்த்தேன். /usr/local-இல் இருந்த பழைய ஃபைலைத் திறந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேரை எழுதியவர் அந்த பாத்தை, அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரியை, சோர்ஸுக்குள்ளேயே அடித்து வைத்துவிட்டார். நான் கொடுத்த prefix அந்த வரியை எட்டவே இல்லை.

2. இரண்டு நிமிட வேலை

காரணம் தெரிந்த பிறகுதான் தப்பு செய்தேன். பழைய ஃபைலுக்கு ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, /opt-இல் நான் திருத்திய ஃபைலை அதன் மேலேயே காப்பி செய்தேன். இரண்டாம் மிஷின் உடனே சரியானது. பெருமையாக டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் பேச்சியக்கா வந்து நின்றார்.

"வெரசா வா ஆத்தா. ஒண்ணாம் நம்பர்ல வெளிறுன காயெல்லாம் நல்லதோட கலந்து வருது."

ஒன்றாம் மிஷின் ஒவ்வொரு லோடு தொடங்கும்போதும் அந்த ஃபைலைப் படிக்கும். இப்போது படித்தது புது கேமராவின் அளவுகளை. கெட்டது சாம்பிள் எடுக்க வைத்திருந்த லோடு. பாய் வந்துவிட்டார்.

"நீ அதத் தொட்டியா?"

மிஷினைத் தொடவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தொட்டுட்டேன் பாய். என் தப்புதான். ரெண்டையும் நிறுத்துங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

பாய் இரண்டு மிஷின்களையும் நிறுத்தினார்.

பேக்கப்பைத் திரும்பப் போட்டேன். பேச்சியக்காவும் நான்கு பெண்களும் கலந்த சாக்கைக் கொட்டிக் கையால் பிரிக்க உட்கார்ந்தார்கள். நான் சோர்ஸ் முழுவதிலும் /usr/local எங்கெல்லாம் வருகிறது என்று grep போட்டுத் தேடினேன். மூன்று இடங்கள். ஒன்று விளக்கத்துக்காக எழுதிய வெறும் கமென்ட். Makefile-இல் ஒன்று, அது prefix வந்தால் மாறிக்கொள்ளும். மூன்றாவது C ஃபைலில் ஒற்றை வரி. அந்த வரி prefix-இலிருந்து பாத்தை எடுக்கும்படி மாற்றி, முதல் கம்பைலில் உண்டான ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்து, மறுபடி கம்பைல் செய்தேன். இந்த முறை ஓட்டுவதற்கு முன் strings போட்டு, கம்பைலாகி வந்த பைனரிக்குள் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து, பழைய பாத் இல்லை என்று உறுதி செய்தேன்.

இரண்டு மிஷின்களும் தத்தம் ஃபைலைப் படித்தன. பெண்கள் பிரித்த காயிலிருந்து எடுத்த சாம்பிள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"பேச்சிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. ரெண்டு தடவையும் அவதான் கண்டுபிடிச்சா" என்றார் பாய். பேச்சியக்காவிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது எந்த சோர்ஸ் வந்தாலும் கம்பைல் செய்வதற்கு முன் grep, பிறகு strings. எர்ரர் வராததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதில்லை. பாத் தவறாக இருந்தால் சோர்ஸில் திருத்துவேன். அந்தத் தவறான இடத்தில் ஃபைலைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். அங்கே ஏற்கெனவே யாரோ ஒருவருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கும்.